கண்டிச்சீமைக்கு ஆள்கட்டிய வரலாறு



இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளின் நாட்டுப்புறங்களிலே, 'கண்டி' என்னும் சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் வழங்கி வந்தது. நமக்குக் கண்டி என்றால் தலதா மாளிகையும், அதன் முன்னுள்ள ஏரியும், மகாவலியின் வளைவும் நினைவுக்கு வரும். அந்நாட்டுப்புறத்தாருக்கோ அது ஒரு நகரமன்று; மலைநாடு முழுவதற்கும் அதுவே பெயர். பதுளைக்குப் போனவனும் கண்டிக்குப் போனவன்தான். திம்புலையில் வேலை செய்தவளும் கண்டியில் இருந்தவள்தான். திரும்பி வந்தவர் 'கண்டிக்காரர்' எனப்பட்டார். அவர் வாழ்ந்த இடம் 'கண்டிச்சீமை' எனப்பட்டது. நிலப்படம் ஒன்றைக் கண்ணாலும் கண்டிராத ஒரு சிற்றூருக்கு இந்தப் பெயர் எப்படிப் போய்ச் சேர்ந்தது? செய்தித்தாளால் அன்று, அரசாங்க விளம்பரத்தாலும் அன்று. ஊர்க்காரன் ஒருவன் அதைத் தன் வாயிலே சுமந்து கொண்டுபோனான். அவனையே கங்காணி என்று உலகம் அழைத்தது. அவன் தொழிலுக்கு 'ஆள்கட்டுதல்' என்று பெயர். இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவேயாகும்.

இப்பொருளை இப்போது எடுப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் நோய் பரவிக் கதவடைத்திருந்த காலத்தில், வேலைக்கு ஆள்சேர்க்கும் அலுவலகங்கள் பலவும் தம் உத்தியோகத்தரை வீட்டிலிருந்தபடியே பணிபுரியச் செய்தன. கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கும் ஆள்சேர்ப்போன் ஒழுங்காக வேலை செய்கிறானா என்று எவ்வாறு அறிவது, அவனுக்குக் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று எவ்வாறு கணக்கெடுப்பது, அவன் சேர்த்த ஆள் வந்து சேருவான் என்று எதைக்கொண்டு நம்புவது என்றெல்லாம் அப்போது பேசிக்கொண்டார்கள். புதுமையான கேள்விகள் என்று பலர் எண்ணினார்கள். கண்டிமலைத் தோட்டத் துரைமார்களோ இதே கேள்விகளோடு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் மல்லாடியவர்கள். அவர்களுடைய ஆள்சேர்ப்போன் கடலுக்கு அப்பால், தன் சொந்த வீட்டுத் திண்ணையிலே இருந்து வேலை பார்த்தவன்.

கதை தொடங்குவது கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போனதிலிருந்து. கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியாவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் 1824ஆம் ஆண்டளவில் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். தேசாதிபதி சர் எட்வர்ட் பார்ன்ஸ் தாமும் பேராதனைக்கு அடுத்த கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப்பாதை அமைத்தவரும் அவரே. நாட்டை ஆளுகின்றவரே தோட்டச் சொந்தக்காரராகவும் இருந்துவிட்டால் தோட்டங்களுக்கு வேண்டிய வசதிகள் விரைந்து கிடைப்பதில் வியப்பில்லை. காடு கிடைத்தது, பாதை கிடைத்தது, வரிச்சலுகை கிடைத்தது, ஆள்தான் கிடைக்கவில்லை.

கண்டிச் சிங்களக் குடியானவர் சோம்பேறிகள் ஆகையால் தோட்டத்துக்கு வரவில்லை என்று அக்காலத் துரைமார்கள் எழுதிவைத்தார்கள். இதை நான் ஒப்புவதற்கில்லை. காடு வெட்டுகின்ற வேலைக்கும் வண்டி ஓட்டுகின்ற வேலைக்கும் அவர்கள் வந்தார்கள். தமக்கென்று வயலும் சேனையும் உள்ள ஒருவன், விடியுமுன் பறைகேட்டு எழுந்து, நாள்தோறும் இன்னொருவனுடைய ஏவலின்கீழ்ச் சிறுகூலிக்கு நிற்பதற்கு எதற்காக வரவேண்டும்? வருவதற்கு அவசியம் உடையவன் வேறிடத்தில் இருந்தான். மழை பொய்த்தால் கஞ்சிக்கும் வழியில்லாத, நிலமில்லாத, கடன் தலைக்குமேல் ஏறிய உழவுக்கூலி அவன். பாக்கு நீரிணைக்கு அக்கரையில், தென்மாவட்டங்களிலே அவன் இருந்தான்.

கோப்பி பருவப்பயிர். பழம் பழுக்கின்ற மாதங்களில் ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். பறித்து முடிந்தபின் அத்தனைபேருக்கு வேலையில்லை. ஆகவே ஆள்கள் வந்தும் போயும் கொண்டிருந்தார்கள். தோணியேறி மன்னார்க் கரையில் அரிப்பு முதலிய இடங்களில் இறங்கி, அங்கிருந்து அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 150 மைல். 'வடக்குப் பாதை' என்று அதற்குப் பெயர். உண்மையில் பெரும்பகுதி காடு. தண்ணீர் கிடைக்காத இடங்கள் உண்டு. கிடைத்த தண்ணீரால் வாந்திபேதி கண்ட இடங்களும் உண்டு. நடக்கமுடியாதவர் பாதையோரத்தில் விடப்பட்டனர். நடந்து கரையேறியவர் மலையடிவாரத்தில் மாத்தளையை அடைந்ததும் அங்கே தங்கி மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, கண்டியின் நாற்புறத்து மலைகளுக்கும் பிரிந்து சென்றனர். இன்று மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்து ஐந்து தேர்களையும் பார்க்கின்றவர்கள், அந்த ஆலயம் ஒரு நெடும்பாதையின் முடிவிலே நிற்கின்றது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பாதையில் ஒருவன் தனியே வரமுடியாது. பத்துப்பேர், இருபதுபேர் கூடவேண்டும்; கூட்டத்துக்கு வழிதெரிந்த ஒருவன் முன்னே போகவேண்டும்; அரிசிக்கும் தோணிக்கும் அவன் கையிலே காசு இருக்கவேண்டும். அவ்வாறு முன்னே போனவனே முதற் கங்காணி. 'கண்காணி' என்பதே இச்சொல்லின் பழைய வடிவம். சோழர் காலக் கல்வெட்டுக்களிலே கோயிற் காரியங்களை மேற்பார்க்கும் அதிகாரிகளுக்கு இப்பெயர் வழங்கியதைக் காணலாம். கோயிலில் இருந்த சொல் கோப்பித் தோட்டத்துக்கு வந்துவிட்டது. சொற்களுக்கும் புலம்பெயர்வு உண்டு போலும்!

மொரீசியஸ், நெட்டால், பிஜி ஆகிய நாடுகளுக்குப் போன ஆள்களின் வழி வேறு. அவர்களைச் சந்தையிலும் சத்திரத்திலும் தேடிப்பிடித்தவர்கள் முன்பின் அறியாத தரகர். பிடிபட்டவர்கள் துறைமுகக் கொட்டிலில் அடைக்கப்பட்டு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறினார்கள். இலங்கைக்கு அவ்வகை ஒப்பந்தம் வேரூன்றவில்லை. இங்கே ஆள்சேர்த்தவன் மாமனாகவோ, பங்காளியாகவோ, அடுத்த தெருக்காரனாகவோ இருந்தான். அவனோடு போனவர்கள் ஒரே ஊரார், பெரும்பாலும் ஒரே சாதியார். அந்தக் கூட்டமே தோட்டத்தில் அவன் பேரால் ஒரு பட்டியாக இருந்து, அவன் கண்காணிப்பிலேயே வேலை செய்தது. சில்லறைக் கங்காணிகள் பலருக்குமேல் பெரிய கங்காணி ஒருவர் என்ற வரிசை பின்னர் அமைந்தது. ஆள்சேர்ப்போனும் மேற்பார்வையாளனும் கடன்கொடுத்தவனும் வழக்குத் தீர்ப்பவனும் ஒருவனே என்பதுதான் இம்முறையின் உயிர்நிலை. அதன் நஞ்சும் அதிலேயே இருந்தது.

கங்காணி ஊருக்கு வந்து எவ்வாறு வேலை பார்த்தான் என்பதைச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும்.

தோட்டத்தில் அவன் காலில் செருப்பின்றித் துரைமுன் கைகட்டி நிற்பவன். ஊர் எல்லைக்கு வந்ததும் வேறு ஆள். வெள்ளை வேட்டி, மேலே கறுத்தக் கோட்டு, தலைப்பாகை, காதில் கடுக்கன், கையில் குடை. கோடைவெயிலில் கோட்டு எதற்கு என்று யாரும் கேட்டதில்லை; அந்தக் கோட்டுத்தான் அவனுடைய விளம்பரப் பலகை. மூன்று வருடத்துக்குமுன் அரைவயிற்றுக் கஞ்சியோடு போனவன் இன்று இப்படி வந்திருக்கிறான் என்பதை ஊர் தானே பார்த்துக்கொள்ளும். அவன் வீடுவீடாக ஏறி இறங்கவில்லை. தன் வீட்டுத் திண்ணையில் வெற்றிலைத் தட்டத்தை வைத்துக்கொண்டு இருந்தான். மாலையானதும் ஆட்கள் தாமாக வந்தார்கள். கண்டியில் மாதந்தவறாமல் அரிசி அளப்பதைப் பற்றியும், கம்பளி கொடுப்பதைப் பற்றியும், பஞ்சம் என்ற சொல்லையே அங்கே கேட்கமுடியாதென்றும் பேச்சு நடந்தது. அட்டைக்கடியையும், குளிர்க்காய்ச்சலையும், துரையின் பிரம்பையும் பற்றி அவன் பேசியிருக்க இடமில்லை.

ஊரில் யாருக்கு எவ்வளவு கடன், எந்த வீட்டில் பெண் கலியாணத்துக்கு நிற்கிறாள், எவன் பண்ணையாரோடு மனம்முறிந்து இருக்கிறான், எந்த விதவை பிள்ளைகளோடு தத்தளிக்கிறாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாததை அவன் தாயும் மனைவியும் கிணற்றடியில் அறிந்துவந்து சொல்லுவார்கள். எந்த அரசாங்க உத்தியோகத்தனாலும் பெறமுடியாத அறிவு இது. ஒரு துரை திருச்சிராப்பள்ளியில் கொட்டகை போட்டு ஒரு மாதம் முரசறைந்தாலும் வராத ஆள்கள் ஒரு திண்ணையிலிருந்து ஒரு கிழமையில் புறப்பட்டார்கள் என்றால், அதன் இரகசியம் இதுதான். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தின்போதோ முரசும் திண்ணையும்கூட வேண்டியிருக்கவில்லை, பசியே ஆள்கட்டிற்று.

புறப்படுபவன் ஊரைவிட்டு நீங்கவேண்டுமானால் ஊர்க்கடனைத் தீர்க்கவேண்டும். வீட்டில் விட்டுப்போகும் கிழவிக்கு நெல் வாங்கிவைக்கவேண்டும். தனக்கும் மனைவிக்கும் துணி வேண்டும், வழிச்செலவு வேண்டும். இவையெல்லாவற்றுக்கும் கங்காணியே பணம் கொடுத்தான். அவனுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கண்டியிலிருந்து. தோட்டத்துரை அவனை ஊருக்கு அனுப்பும்போது ஒரு தொகையைக் கடனாகக் கொடுத்துப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டான். துரைமார்களுக்குப் பணம் முடைப்பட்டபோது நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் கடைகள் கைகொடுத்தன. 'கரை முன்பணம்' என்று கணக்கேடுகளில் அது பதியப்பட்டது.

இனி, துரையின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். ஐம்பதுபேருக்குரிய முன்பணத்தை ஒருவன் கையில் கொடுத்து அனுப்பியாயிற்று. அவன் கடல்கடந்து போய்விட்டான். தந்தி இல்லை, கடிதம் எழுதினாலும் பதில் வருமென்ற நிச்சயம் இல்லை. அவன் ஆள்கட்டுகிறானா, பழைய வழக்கொன்றை நடத்திப் பணத்தைத் தீர்க்கிறானா, அன்றி வேறொரு தோட்டத்தின் துரையிடமும் முன்பணம் வாங்கி இரண்டு இடத்துக்கும் ஒரே ஆட்களைக் காட்டப்போகிறானா என்று எவ்வாறு அறிவது? இம்மூன்றும் நிகழ்ந்ததுண்டு. பணத்தோடு மறைந்துபோன கங்காணிகளைப் பற்றித் தோட்டத்துரைமாரின் முறைப்பாடு ஓயவேயில்லை. 1854இல் கண்டியிலே தோட்டத்துரைமார் சங்கம் அமைந்த நாள்முதல் அவர்கள் பேசித்தீராத விடயங்களுள் 'ஆள்' என்பது முதன்மையானது.

அவர்கள் கண்ட முதல் வழி, கங்காணியின் ஆதாயத்தைத் தோட்டத்தோடு கட்டிப்போடுவது. அவன் பட்டியிலுள்ள ஒவ்வோர் ஆளும் வேலைக்கு வந்த நாளுக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் வந்தால் காசு. ஆள் நோயில் படுத்தால் காசில்லை. ஆள் ஓடிப்போனால் காசும் இல்லை, கடனும் தலையில். அவனுடைய மனைவி மக்களும் உறவினரும் தோட்டத்து லயத்திலேயே இருந்தனர். ஊருக்குப் போனவனைத் திரும்ப இழுக்க அதைவிட வலிய கயிறு இல்லை.

இரண்டாவது வழி, கடனைக் கீழே இறக்கிவிடுவது. துரை கங்காணிக்குக் கொடுத்தான். கங்காணி ஆளின் கணக்கில் எழுதினான். தோணிக்கூலி, வழியில் தின்ற சோறு, கொடுத்த கம்பளி, தன் பிரயாணச் செலவில் ஒரு பங்கு யாவும் அந்தக் கணக்கில் ஏறின. எழுத்தறியாதவனுக்கு அது என்ன கணக்கென்று தெரியாது. ஒருவனை வேலைக்குச் சேர்ப்பதற்கு முதலாளிக்கு ஆன செலவை அந்த வேலைக்காரனே திருப்பிக்கட்ட வேண்டும் என்பது எவ்வளவு விந்தையான ஏற்பாடு! ஆயினும் மலைநாட்டின் பெருந்தோட்டத் தொழில் முழுவதும் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு இதன்மேல்தான் நின்றது.

சட்டப்படி தொழிலாளி மாதக்கூலி ஆள். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து விலகிவிடலாம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்வாறே சொல்லிற்று. முன்னறிவித்தலின்றிப் போனால் மறியல் என்பதையும் சேர்த்துச் சொல்லிற்று. ஆனால் நடைமுறையில் அவனைப் பிடித்துவைத்தது சட்டமன்று. ஒரு காகிதத் துண்டு. 'இந்தக் கங்காணிக்கும் அவன் ஆட்களுக்கும் இன்ன தொகை கடன் உண்டு. அதனைக் கட்டினால் அனுப்பிவைக்கிறேன்' என்று ஒரு துரை எழுதிக்கொடுப்பான். அதற்குத் தமிழிலே துண்டு என்று பெயர். ஆங்கில அறிக்கைகளும் அத்தமிழ்ச் சொல்லையே எடுத்தாண்டன. கங்காணி அத்துண்டோடு தோட்டந்தோட்டமாகப் போய், கடனைக் கட்டி மேலும் கொஞ்சம் முன்பணம் கொடுக்கக்கூடிய துரையைத் தேடுவான். ஆள்முடை மிகுந்த காலத்தில் ஒருவர்க்கொருவர் போட்டியிட்டுக் கொடுத்தார்கள். பட்டி ஒவ்வொரு முறை இடம்மாறும்போதும் கடன் பருத்தது. புதுப்பணம் கங்காணியின் மடிக்குப் போயிற்று. புதுக்கடன் ஆட்களின் கணக்கில் பிரிந்தது. தெல்தோட்டையிலிருந்து பன்விலைக்கு மாறிய ஒரு குடும்பம், தான் விற்கப்பட்டதாக நினைத்திருக்காது; ஆனால் அதன் பேரில் ஒரு விலை கைமாறியிருக்கும்.

கோப்பியிலை நோய் 1869இல் தோன்றிப் பதினைந்து இருபது ஆண்டுகளில் அப்பயிரையே தின்றுவிட்டது. அதற்குமுன்பே, 1867இல், கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அதே ஆண்டில் கண்டிக்குப் புகையிரதமும் வந்தது. இவ்விரண்டும் ஆள்கட்டும் தொழிலை மாற்றிவிட்டன. தேயிலை கிழமைதோறும் கொழுந்துவிடுவது. ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். அறுவடைக்கு ஓடிவந்து திரும்பும் ஆண்கள் கூட்டம் போய், பெண்டு பிள்ளையோடு குடும்பமாக வந்து லயத்திலே தங்குகின்ற வழக்கம் வலுத்தது. கங்காணி திண்ணையில் இருந்து பேசவேண்டியது இனி ஒருவனோடன்று. அவன் மனைவியோடும் மாமியாரோடும்.

தேயிலை பெருகப்பெருகப் போட்டியும் பெருகிற்று. பின்னர் றப்பரும் வந்து சேர்ந்தது, மலாயாவும் ஆள்கேட்டது. துரைமார் ஒருவர் ஆளை ஒருவர் இழுத்துக்கொண்டு முன்பணத்தை ஏற்றிவிட்டார்கள். தனித்தனியே கங்காணியை நம்பி ஏமாறுவதைவிடக் கூட்டாக ஒரு நிலையம் வைத்துக் கண்காணிப்போம் என்று இறுதியில் முடிவுசெய்தார்கள். கண்காணியைக் கண்காணிக்க ஒரு கண்காணி! 1904ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகம் அமைந்தது. ஆள்கட்டும் மாவட்டங்களில் அதற்குக் கிளைநிலையங்கள் ஏற்பட்டன. ஊருக்கு வரும் கங்காணி அங்கே தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும்; முன்பணம் முழுவதையும் மடியில் கட்டிக்கொண்டு போகாமல், ஆள்கட்டுந்தோறும் நிலையத்தின் மூலமே பெற்றுக்கொள்ளலாம்; அவன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பது தோட்டத்துக்கு அறிவிக்கப்படும். ஆனாலும் ஆணையகம் திண்ணையின் இடத்தைப் பிடிக்கமுடியவில்லை. அது பணத்தைக் காத்தது, பாதையைச் செப்பனிட்டது; ஆளைக் கூப்பிட்டவன் என்னவோ கங்காணிதான். இது ஒன்றே அவனது வலிமைக்குப் போதிய சான்று.

பாதையைச் செப்பனிட்ட முறைகளில் தகரவில்லை ஏற்பாட்டைக் குறிப்பிடவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. தோட்டத்துரை ஆள்கட்டப் போகும் கங்காணியிடம், ஆளுக்கொன்றாகச் சிறிய தகரவில்லைகளைக் கொடுத்தனுப்புவான். வில்லையில் மாவட்டத்துக்குரிய எழுத்தும், தோட்டத்துக்குரிய இலக்கமும், வரிசை இலக்கமும் பொறித்திருக்கும். அதைக் கழுத்திலே கட்டிக்கொண்ட ஆள், புகையிரதத்திலும் கப்பலிலும் காசு கொடுக்காமல், வழியில் உணவும் பெற்று, நேரே உரிய தோட்டத்துக்குக் கொண்டுசேர்க்கப்படுவான். செலவுக் கணக்கு வில்லையின் இலக்கத்தைப் பார்த்துத் தோட்டத்துக்குப் போகும். வழியில் வேறொரு கங்காணி ஆளைக் கவர்ந்துபோகும் வாய்ப்பும் குறைந்தது. வழியில் பட்டினியால் விழுந்து மடிவதும் குறைந்தது. அதனால் உயிர்கள் பிழைத்தன என்பதை மறுக்கக்கூடாது. பொதிக்கு முகவரி எழுதுவதுபோல மனிதனுக்கு எழுதினார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கியது. மண்டபத்தில் பெரியதொரு தங்கல்முகாம் இருந்தது. அங்கே ஆட்களைச் சில நாட்கள் தடுத்துவைத்து, நோயுண்டா என்று பார்த்து, அம்மை குத்தி, உடுபுடைவைகளை ஆவியில் அவித்து அனுப்பினார்கள். அங்கிருந்து கண்டி ஓர் இரவுப் பயணம். பாட்டன் பல நாள் நடந்த வழி அது.

இந்த வசதிகளெல்லாம் கடனைக் குறைத்தனவா என்றால் இல்லை. 1917இல் சென்னை அரசாங்கத்தின் உத்தியோகத்தரான மார்ஜோரிபாங்க்ஸ் என்பவரும், அகமது தம்பி மரைக்காயரும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்ற இந்தியத் தொழிலாளர் நிலையைப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். இலங்கையில் அவர்கள் கண்ட பெருந்தீமை, கடனும் துண்டும்தான். அதன்பின் காரியங்கள் விரைந்தன. 1921ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் துண்டினை ஒழித்தது. வேலையைவிட்டுப் போனவனை மறியலில் இடும் ஏற்பாடும் நீங்கியது. 1922இல் இந்தியாவிலும் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தது. 1923இல் இலங்கையில் பொதுநிதி ஒன்று நிறுவப்பட்டது: தோட்டங்கள் யாவும் அதற்கு வரி கட்டவேண்டும், ஆளைக் கொண்டுவரும் செலவு அதிலிருந்து போகும், அச்செலவை ஆளின் தலையில் எழுதுதல் ஆகாது. தொடங்கும்போதே இருந்திருக்கவேண்டிய நியாயம், நூறு ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது.

கங்காணியின் சுதந்திரமும் அப்போதுதான் சுருங்கியது. உரிமச்சீட்டு இன்றி ஆள்கட்டக்கூடாது; கட்டிய ஆளை ஊர் முன்சீப்பிடம் காட்டி, ஆட்சேபம் இல்லையென்று எழுதிவாங்க வேண்டும். புதிய சட்டத்தின்படி தொழிலாளர் நலனைக் கவனிக்க இந்திய அரசாங்கம் இலங்கைக்கு ஒரு முகவரை அனுப்பியது. அவருடைய அலுவலகம் தலைநகரான கொழும்பில் அமையவில்லை, கண்டியிலே அமைந்தது. எஸ். ரங்கநாதன் முதல் முகவர். பின்னாளில் இந்திய வெளியுறவுத்துறையில் பெரும்பெயர் பெற்ற கே. பி. எஸ். மேனனும் இங்கே அப்பதவியில் இருந்தவர். லயத்திலிருந்து முறைப்பாடு கொண்டுவரும் ஒருவனுக்கு, கங்காணியையும் துரையையும் தாண்டிப் போவதற்கு ஒரு கதவு அப்போதுதான் கண்டி நகரில் திறந்தது.

கங்காணியைக் கொடியவனென்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. அவ்வாறு எழுதியவர் பலர். வறியவனை வறியவனே விற்றான் என்பதும், அவன் கட்டிய வீடும் வாங்கிய நிலமும் பிறர் வியர்வையென்பதும் பெரும்பாலும் உண்மை. ஆயினும் வந்த ஊர் தெரியாத காட்டில் பிள்ளைபெற்றவளுக்கு மருத்துவச்சியைத் தேடியவனும், சண்டையைத் தீர்த்தவனும், கோயில் வைத்தவனும், காமன்கூத்துக்குப் பணம் போட்டவனும் அவனே. கூலியாக வந்த ஒருவர் தோட்டச் சொந்தக்காரராவதற்கு இருந்த ஒரே ஏணியும் அதுதான். இறம்பொடைப் பகுதியில் வேவண்டன் தோட்டத்தை வாங்கிய கருப்பையா, இராமநாதபுரத்துச் சீமையின் சிற்றூரொன்றிலிருந்து வந்து பெரிய கங்காணியானவர். அவர் மகன் சௌமியமூர்த்தி தொண்டமான், அதே தோட்டத் தொழிலாளரின் தலைவராகிப் பிற்காலத்தில் அமைச்சரானார். ஏணியில் ஏறியவரின் மகன் ஏணியடியில் நின்றவர்களுக்காகப் பேசவந்தது இந்நாட்டு வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

1930ஐ அடுத்த பொருளாதார மந்தத்தில் ஆள்கட்டுவதே நின்றுபோயிற்று. 1939ஆம் ஆண்டு ஆகஸ்டு முதலாம் தேதி, இலங்கைக்குக் கூலிவேலைக்கு ஆள் போவதை இந்திய அரசாங்கம் தடுத்தது. கங்காணியின் திண்ணை வெறிதாயிற்று.

ஆனால் அவன் வேலைசெய்த விதத்தின் பயனைப் பிறகுதான் மக்கள் அறிந்தார்கள். ஆளைக் கட்டியபோது எத்தனையோ காகிதங்கள் எழுதப்பட்டன. முன்பணப் பத்திரம், துண்டு, செக்ரோல், வில்லை இலக்கம், முகாம் பதிவு என்று நூறாண்டுகளாக எழுதினார்கள். அவற்றுள் ஒன்றாவது ஆளின் கையில் இருக்கவில்லை. அவனைப்பற்றிய எழுத்தெல்லாம் பிறர் பெட்டியில் இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் இங்கே பிறந்தான் என்பதற்குச் சான்று கேட்டார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டம், 1946ஆம் ஆண்டு சனவரி முதலாம் தேதிக்குமுன் ஏழாண்டோ பத்தாண்டோ இடைவிடாது இந்நாட்டில் வசித்ததற்குச் சான்று கேட்டது. கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே இரண்டு தலைமுறை உழைத்த குடும்பம், தான் அங்கே இருந்ததை மெய்ப்பிக்க ஒரு காகிதம் தேடி அலைந்தது. ஊருக்குப் போய்வரும் வழக்கமே சிலருக்கு எதிர்ச்சாட்சியாயிற்று. கங்காணியோடு ஒரு கலியாணத்துக்குப் போய்வந்த மாதங்கள் 'இடைவிட்ட' காலமாக எண்ணப்படலாயின.

1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்று பங்கிட்டார்கள். அவர்களுக்கும் 1974இல் ஆளுக்குப் பாதியென்று தீர்ந்தது. நாடற்றவராய் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேதான் இங்கே வழி பிறந்தது. 2023இல், வந்து இருநூறாண்டு ஆயிற்றென்று நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் அந்தப் பழைய பாதையிலே நடந்தார்கள்.

உடன்பாட்டின்படி திரும்பிப் போகிறவர்களுக்குரிய கடவுச்சீட்டு அலுவல்களை மலைநாட்டிலே கவனித்தது கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்தானிகர் அலுவலகம். 1923இல் முகவர் வந்து அமர்ந்த அலுவலகத்தின் வழிவந்தது அதுதான். ஆள்கட்டுவோரைக் கண்காணிக்கத் திறந்த கதவின்முன், கட்டப்பட்ட ஆட்களின் பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பாட்டன் விட்டுவந்த ஊரின் பெயரை அவர்களிற் பலர் லயத்து முதியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பின்னர் கண்டியிலும் ஹட்டனிலும் புகையிரதம் ஏறித் தலைமன்னாருக்குப் போய், கப்பலில் இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபத்து முகாமின் கதவு இம்முறை அவர்களுக்கு மறுபக்கத்திலிருந்து திறந்தது.